தனிச் சமையல் இல்லை

ரேஷனில் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆன மாதம், எங்கள் லைன் வீட்டில் எல்லோருடைய வாசலிலும் அரிசிப் பை இறங்கியது. எங்கள் வாசலில் இறங்கவில்லை. எங்களுக்குக் கார்டு இல்லை.

திருப்பூர் பக்கம் அருள்புரத்தில், பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அந்த லைன் வீடு. எதிரும் புதிருமாக ஓர் அறை வீடுகள், நடுவே ஒருவர் நடந்தால் இன்னொருவர் ஒதுங்க வேண்டிய சந்து. எல்லாரும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். என் கணவர் ஓவர்லாக் டெய்லர். நாங்கள் சங்கரன்கோவில் பக்கம். கல்யாணத்துக்குப் பிறகு பிழைப்புக்காக இங்கே வந்தோம். நான் பி.காம். முடித்து, மகள் பிறக்கும்வரை ஒரு கம்பெனியில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு குழந்தையை விட ஆளில்லாமல் வீட்டில் உட்கார்ந்து, கட்டுக்கட்டாக வரும் பனியன்களில் நூல் பிசிறு வெட்டிக் கொடுத்தேன்.

அந்த வருடம் எல்லாமே ஒன்றாகச் சேர்ந்து வந்தது. மளிகைக் கடையில் அரிசி விலையைக் கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறு பதில். துவரம் பருப்பைக் கால் கிலோவாக வாங்கத் தொடங்கினேன். ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்த கம்பெனி ஒரு ஷிப்டோடு நின்றது. அந்த ஒரு ஷிப்டிலும் பாதி கரண்ட் கட். வெளிநாட்டு ஆர்டர் குறைந்துவிட்டது என்றார்கள். டி.வி.யில் அமைச்சர்கள் வந்து ஏழைகளை விலைவாசி பாதிக்காது, அரிசியும் பருப்பும் பாமாயிலும் அரசாங்கம் குறைந்த விலைக்குக் கொடுக்கிறது என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் அந்தப் பாமாயில் பாக்கெட்டைப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சுவரைத் தாண்டித்தான் அது வரவில்லை.

எங்கள் பெயர்கள் ஊரில் இருந்த கார்டில் இருந்தன. மாமனார் இறந்த பிறகு அந்தக் கார்டுக்கு மாமியார்தான் தலைவி. கல்யாணம் முடிந்த மாதமே என் கல்யாணப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போய், வரிசையில் நின்று என் பெயரைச் சேர்த்துவிட்டு வந்தவர் அவர். தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்க் காட்டினாராம். எங்கள் பக்கத்தில் மருமகள் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்பது தாலியோடு முடிவதில்லை. கார்டில் பெயர் ஏற வேண்டும்.

எங்கள் இருவருக்கும் தனக்குமாக மூன்று பேருக்கு வரும் அரிசியை அவர் ஒருத்தியாக வாங்கினார். அதில் காலையில் இட்லி சுட்டுத் தெருவில் விற்றார். அதுதான் அவருடைய ஜீவனம். நாங்கள் மாதாமாதம் அனுப்புவதாகச் சொன்ன பணம் சில மாதங்களாகப் போகவில்லை. அவரும் கேட்கவில்லை.

எனக்கும் என் மகளுக்கும் சோறு குறையாமல் பார்த்துக்கொண்டவர் பக்கத்து வீட்டு அக்கா. அவர் இந்த ஊர்க்காரர், தறிக்கார வீட்டுப் பெண். பிறந்த வீடு அனுப்பர்பாளையம். கணவனும் மனைவியுமாகக் கம்பெனிக்குப் போகிறவர்கள். இரண்டு பிள்ளைகள். அவரிடம் கார்டு இருந்தது, ஒரு சிலிண்டர் கேஸும் இருந்தது. எங்களிடம் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் மட்டும். கார்டு இல்லாதவர்களுக்கு மண்ணெண்ணெய் கள்ளத்தனமாகத்தான் கிடைக்கும், அதுவும் விற்கிறவன் சொல்கிற விலைக்கு. ஒருநாள் நான் காலிக் கேனோடு திரும்பி வருவதைப் பார்த்து அக்கா கேட்டார்.

"ஏன் அம்மிணி, நாஞ் சோறாக்கற அடுப்புல உன்ற சோறு வேகாதா?"

"உங்க கேஸ் தீர்ந்துருமேக்கா."

"தீந்தா பாதிக் காசு குடு. ரெண்டு ஊட்டுக்கு ரெண்டு அடுப்பு எரிச்சு என்ன பண்றது? எங்கம்மா ஊட்டுல இருந்து கொண்டாந்த பெரிய போசி ஒண்ணு சும்மாதான கெடக்குது."

அப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் அவருக்குக் கம்பெனிக்கு நேரமாகிவிடும் என்பதால் நானே அவர் வீட்டில் போய்ச் சமைப்பேன். அந்தப் போசியில் அவருடைய ரேஷன் அரிசியும் எங்கள் கடை அரிசியும் ஒன்றாக வெந்தன. இரண்டும் ஒரே நேரத்தில் வேகாது. ரேஷன் அரிசியை முதலில் போட்டு, ஒரு கொதி வந்த பிறகு கடை அரிசியைப் போட வேண்டும். ரேஷன் அரிசியின் வாடை போக, கழுவிக் கழுவி ஊற்ற வேண்டும். அதை நான் நன்றாகக் கற்றுக்கொண்டேன். சாயங்காலம் அக்கா வந்ததும் குழம்பு அவர் பொறுப்பு. காலையில் நான் வைக்கும் குழம்பில் புளி தூக்கல் என்று அவர் கணவர் சிரிப்பார். "தெக்கத்திக் கொழம்புங்க. நாக்கு சுண்டிப் போச்சு."

அக்காவின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் பார்த்துக்கொள்வேன். எங்கள் வீட்டில் சமையலுக்கென்று சுவரோரமாக ஒரு மேடை இருந்தது. அதில் குழந்தையின் துணிகளையும் பிசிறு வெட்ட வேண்டிய பனியன் கட்டுகளையும் வைத்தேன். ஸ்டவ்வை நியூஸ் பேப்பரில் சுற்றி மேலே ஸ்லாப்பில் ஏற்றினேன்.

ஆனாலும் அடுத்தவர் சோற்றையே நம்பி இருக்க முடியாது என்று எனக்கு ஓயாமல் தோன்றிக்கொண்டிருந்தது. போசியில் எங்கள் அரிசி குறைந்து அவர்கள் அரிசி கூடிக்கொண்டே வந்தது. அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான்தான் கணவரிடம் சொன்னேன், இங்கே கார்டு வாங்கலாம் என்று. வட்ட வழங்கல் அலுவலகத்தில் விசாரித்தேன். ஊர்க் கார்டில் இருந்து பெயரை நீக்கிச் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். வாடகை வீட்டு விலாசத்துக்கு வீட்டுக்காரரின் வரி ரசீதும் வேண்டும். பிறகு விசாரணைக்கு ஆள் வருவார்.

மாமியாரிடம் கணவர்தான் போனில் பேசினார். ஊர் டீக்கடை போனில் கூப்பிட்டு, அவர் வந்து சேரும்வரை காத்திருந்து பேச வேண்டும். நான் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

"பேரை அடிக்கணுமா? யாரு பேரை?"

"எம் பேரையும் அவ பேரையும்மா. அங்க அடிச்சாத்தான் இங்க கார்டு தருவாங்களாம்."

"ஏல, செத்தவுக பேரைத்தாம்ல கார்டுல அடிப்பாவ. உங்கய்யா பேரை அடிக்கதுக்கு நாந்தான் போய் நின்னேன். இப்பம் உம் பேரையும் நானே போய் அடிச்சிட்டு வரணுமாக்கும்?"

கணவர் போனை என்னிடம் கொடுத்தார். "அத்தை, இது சும்மா இடம் மாத்துறதுதான், பள்ளிக்கூடத்துல டி.சி. வாங்குற மாதிரி" என்றேன்.

"நீ படிச்சவ, சொல்லுத. எனக்கு மனசு கேக்கணுமே தாயி."

"பாப்பாவுக்கு அரிசி வேணும் அத்தை."

மாமியார் கேட்டார், "அவ சோறு நல்லா திங்காளா?"

"திங்கறா அத்தை."

"சரி. போறேன்."

"உங்க இட்லிக்கு அரிசி?"

"அது கிடக்கட்டும் புள்ள. எனக்கு ஒரு வயிறுதான."

அடுத்த வாரம் அவரே போன் செய்தார். முடித்துவிட்டாராம். "செவப்பு மையில கோடு போட்டாவ. நான் கண்ண மூடிக்கிட்டேன்" என்றார். சான்றை ஊர்க்காரர் ஒருவரிடம் பஸ்சில் கொடுத்தனுப்பினார். அதைப் பையில் வைத்துக்கொண்டு நான் சந்தோஷப்பட்டேன். இனி ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கார அம்மாவிடம் வரி ரசீது கேட்கப் போனபோது அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங் அம்மிணி, ரசீதக் குடுத்தா நாளைக்கு ஊடே எங்குளுதுன்னு கோர்ட்டுக்குப் போயிருவீங்களே. அப்பறம் நா எந்தச் சாமியப் போயிக் கும்புடறது?"

"ஐயோ, இல்லீங்கம்மா. அரிசிக்குத்தானுங்க." இங்கே வந்து நானும் 'ங்க' போடக் கற்றுக்கொண்டிருந்தேன்.

"அரிசிக்குன்னுதான் எல்லாரும் வாறாங்க" என்றார். ஆனால் கொடுத்தார். நகல் எடுத்ததும் உடனே திருப்பித் தர வேண்டும் என்று, அவர் மருமகளை என் கூடவே ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினார்.

விண்ணப்பத்தை என் கையாலேயே நிரப்பினேன். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. வாங்கிய எழுத்தர் "கையெழுத்து நல்லாருக்கே" என்றார். நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

விசாரணைக்கு வந்தவர் ஒரு முற்பகலில் வந்தார். ஹெல்மெட்டைக் கையிடுக்கில் வைத்திருந்தார், சட்டை முதுகு நனைந்திருந்தது. அன்று அக்காவுக்குக் கம்பெனியில் வேலையில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நான் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அறையை ஒருமுறை பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. மகளிடம் "என்ன சோறு?" என்றுகூடக் கேட்டார்.

"எத்தனை பேர்?"

"மூணு பேருங்க சார்."

"கேஸ் இருக்கா?"

"இல்லீங்க சார்."

"மண்ணெண்ணெயா?"

இந்த இடத்தில்தான் நான் தடுமாறினேன். ஆமாம் என்றால், கார்டு இல்லாமல் எங்கிருந்து வாங்குகிறாய் என்று கேட்பார். கள்ள மண்ணெண்ணெய் வாங்குவது குற்றம் என்று எனக்குத் தெரியும். விற்றவன் பெயரைக் கேட்டால் என்ன செய்வேன்? அரசாங்க ஆளிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு கார்டு கேட்பதா? உண்மையைச் சொன்னால் பயமில்லை என்று நினைத்தேன். உண்மையில் ஒரு தவறும் எனக்குத் தெரியவில்லை.

"இல்லீங்க சார். பக்கத்து வீட்டு அக்கா அடுப்புலதான் சேர்த்து ஆக்கிக்கிறோம்."

அவர் மேடையைப் பார்த்தார். மடித்த துணிகள், பனியன் கட்டு. சுவரில் ஒரு பொட்டுக் கரி இல்லை.

"தெனமுமா?"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா ஈரக் கையோடு ஓடி வந்தார். "சார், சார், அது சும்மா இன்னிக்கொரு நாளைக்குங்க. அவிய அடுப்பு ரிப்பேருங்க."

"எங்கம்மா அடுப்பு? காட்டுங்க."

மேலே ஸ்லாப்பைக் காட்டினேன். அவரே எட்டிப் பேப்பரைப் பிரித்தார். தூசி அவர் முகத்தில் கொட்டியது.

"இது ரிப்பேர் மாதிரி தெரியலயே. காட்சிக்கு வெச்ச மாதிரியில்ல இருக்கு."

"எங்களுக்கும் அவியளுக்கும் ஒறம்பரையே கெடையாதுங்க சார்" என்றார் அக்கா. "அவிய தெக்கத்திக்காரங்க. நாங்க இந்தூருக்காரங்க. சாதி வேற, சனம் வேற. எப்புடிங்க ஒரு குடும்பமாகும்?"

"சாதியெல்லாம் எனக்கு எதுக்கும்மா. ஒரு அடுப்புக்கு ஒரு கார்டு. ஒரே பானையில பொங்கித் தின்னா அது ஒரே குடும்பம். வேணும்னா உங்க கார்டுலயே இவங்க பேரை ஏத்திரலாமா?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "ஏத்துனா அரிசி சேத்திக் குடுப்பீங்களாங்க?"

"அதெல்லாம் அப்படி ஏத்த முடியாதும்மா. உறவுமுறை வேணும்."

"இப்பத்தானுங்களே ஒரே குடும்பம்னீங்க?"

அவர் விசாரணைத் தாளை எடுத்து எழுதினார். தலைகீழாக இருந்தாலும் என்னால் படிக்க முடிந்தது. தனிச் சமையல் இல்லை.

போகும்போது என்னிடம், "சின்னப் பொண்ணா இருக்கீங்க, படிச்சிருக்கீங்க, ஒரு அடுப்பக் கீழ எறக்கி வெச்சிருக்கக் கூடாதாம்மா?" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. அவருக்கே வருத்தம்போல இருந்தது. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மனுவைத் தள்ளிவிட்டார்கள். மறுபடி போட்டேன். எழுத்தர் இந்த முறை கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "தனியா ஆக்கிச் சாப்பிடுங்க. அடுத்த விசாரணைக்கு எப்ப வேணா வருவாங்க. வரும்போது அடுப்பு எரியணும்" என்றார்.

கணவர் ஸ்டவ்வை இறக்கித் திரியை மாற்றினார். மேடையைக் காலி செய்தேன். மண்ணெண்ணெய்க்காரனிடம் போய் நின்றேன். இந்தச் சில மாதங்களில் அவன் விலையை ஏற்றியிருந்தான். மலிவு அரிசி கிடைப்பதற்காக, விலையேறிய எண்ணெயில் விலையேறிய அரிசியை வேகவைத்தேன்.

அக்காவிடம் அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்து, கடைசியில் காலையில் அவர் வீட்டுக்குச் சமைக்கப் போகாமல் இருந்துவிட்டேன். அவர் எட்டிப் பார்த்தார். என் அடுப்பு எரிவதைப் பார்த்தார்.

"கார்டு வர்ற வரைக்கும்தாங்கக்கா. வந்ததும் பழையபடி சேர்ந்து ஆக்கிக்கலாம்."

"ஆவட்டும் கண்ணு. கார்டு முக்கியம்."

கம்பெனிக்கு நேரமாகிவிட்டது. அவர் அன்று டப்பாவில் எதுவும் எடுத்துப் போகவில்லை என்று பிறகு தெரிந்தது. அதற்கப்புறம் அவர் விடியலில் எழுந்து தானே ஆக்கினார். அவருக்கு ஓவர்டைம் இருந்த நாட்களில் பிள்ளைகள் பழைய சோற்றைச் சாப்பிட்டார்கள். நான் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று பலமுறை எழுந்து, உட்கார்ந்தேன். கையில் பாத்திரத்தோடு போகும்போது அந்த ஹெல்மெட்காரர் சந்துக்குள் வந்துவிட்டால்? மனுவில் ஏற்கெனவே ஒரு கறை இருக்கிறது. இப்படியெல்லாம் யோசிக்கிறவளாக நான் ஆகிவிட்டேன். இதற்குப் படிப்பே வேண்டியதில்லை. படிக்காதவளாக இருந்திருந்தால் ஒருவேளை துணிந்து பொய் சொல்லியிருப்பேன்.

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. சோற்று நேரத்தில் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டு வாசலுக்குப் போய்விடுவாள். நான் போய்த் தூக்கி வருவேன். அவள் காலை உதைத்து அழுவாள். அக்கா உள்ளே இருந்தபடியே, "போ சாமி, அம்மா கூப்படறா பாரு" என்பார். பழைய குரல் இல்லை அது. அவர் கணவர் மட்டும் என்னைச் சந்தில் பார்த்தால், "கொழம்பு இப்ப சப்புன்னு போச்சுங்க" என்பார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

விசாரணைக்கு யாரும் வரவில்லை. எப்போது வருவார்கள் என்று தெரியாததால் நான் வீட்டை விட்டு நகரவில்லை. பிசிறு வெட்ட வேண்டிய கட்டுகளைக் கம்பெனி வாசலில் போய் வாங்கி வர வேண்டும், வெட்டி முடித்து அங்கேயே போய் ஒப்படைக்க வேண்டும். அதற்குப் போகாமல் விட்டேன். வேறு யாரோ அந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள். மகளுக்குச் சளிக்காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கணவரையே லீவு போட வைத்து அனுப்பினேன். அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போகும்போது திரும்பி, "நீ இங்க அடுப்புக்குக் காவலா?" என்றார். ஆமாம் என்றேன். அன்றும் யாரும் வரவில்லை.

அதற்குள் தேர்தல் அறிவித்துவிட்டார்கள். அலுவலகத்தில் கேட்டால், "எலெக்ஷன் முடியட்டும்மா. இப்ப புதுக் கார்டு பேச்சே இல்ல. எல்லாரும் அந்த வேலைக்குப் போயாச்சு" என்றார்கள். வெளியே சுவரெங்கும் ஒரு ரூபாய் அரிசியைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். ஓட்டுக் கேட்டு வந்த பெண்கள் எங்கள் சந்திலும் நுழைந்தார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அரிசி நல்லா கெடைக்குதுங்களா அம்மிணி?" என்றாள். கிடைக்கிறதுங்க என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கார்டு இல்லை என்றால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அவளுக்கு அடுத்த வீட்டுக்குப் போகும் அவசரம்.

பிறகுதான் ஊரில் மறுபடியும் பெயரைச் சேர்த்துவிடலாம் என்று கணவர் சொன்னார். இங்கே கார்டு கிடைக்காவிட்டால் போகிறது, அம்மாவாவது பழையபடி மூன்று பேர் அரிசியை வாங்கட்டும். அதில் எனக்கும் ஆறுதல் இருந்தது. அவர் ஊருக்குப் போனார். அங்கே தாலுகா ஆபீசில் கேட்டார்களாம், இங்கிருந்து நீக்கின பெயர் வேறெங்கும் சேரவில்லை என்பதற்குத் திருப்பூரில் இருந்து சான்று வாங்கி வா என்று. நான் இங்கே வழங்கல் அலுவலகத்தில் எழுத்தர் முன்னால் போய் நின்றேன்.

"உங்க மனு நிலுவையில இருக்கேம்மா. நிலுவையில இருக்கறப்ப கார்டு இல்லைன்னு எப்படிம்மா எழுதித் தர்றது?"

"அப்ப மனுவைத் திரும்ப வாங்கிக்கிறேன் சார்."

"அதுக்கும் எலெக்ஷன் முடியணும்."

"சார், இப்ப எங்க பேரு எங்கதான் இருக்கு?"

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், "வாக்காளர் பட்டியல்ல இருக்கும் பாரு கண்ணு" என்றார். வரிசை சிரித்தது. அங்கேயும் எங்கள் பெயர் ஊரில்தான் இருந்தது.

ஊருக்குப் போய்த் திரும்பிய கணவர் அவருடைய அம்மாவைப் பற்றி அதிகம் பேசவில்லை. நானாகக் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இட்லிச் சட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு ஆளுக்கான அரிசியில் அவர் ஒருவேளை ஆக்கி, மறுவேளைக்குத் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொள்கிறார். காலையில் இட்லி கேட்டு வந்த பிள்ளைகளை முதல் சில நாட்கள் திருப்பி அனுப்பியவர், பிறகு அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்கிறாராம்.

"இங்க கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?" என்றேன்.

"கூப்பிட்டேன். வர மாட்டாளாம். நானும் அங்க வந்துட்டா பூட்டின வீடுன்னு இருக்க ஒரு கார்டையும் எடுத்திருவாவ, குடும்பத்துக்குக் கார்டுன்னு ஒண்ணாவது இருக்கணும்லா, நான் கார்டோட இங்கனயே கிடக்கேன்னுட்டா."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இப்போது கரி நன்றாகவே படிந்திருந்தது. தனிச் சமையலுக்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. பார்க்கத்தான் ஆள் இல்லை. நான் அன்றைக்கு வேறு மாதிரி பதில் சொல்லியிருந்தால் என்று யோசிப்பேன். அப்படிச் சொல்லியிருந்தால் அந்த ஹெல்மெட்காரர் எண்ணெய்க்காரனைப் பற்றிக் கேட்டிருப்பார். ஒருவேளை கேட்டிருக்க மாட்டார். கேட்டிருந்தாலும் என்ன? எந்தப் பக்கம் யோசித்தாலும் நான் அதே அறையில் அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பேன்.

தேர்தலுக்கு முந்தைய மாதம், ஊரிலிருந்து பஸ்சில் வந்த ஒருவர் கணவரைக் கம்பெனி வாசலில் பார்த்து ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனார். சாயங்காலம் அவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து தரையில் வைத்தார். மஞ்சள் துணிப்பை, வாய் சணலால் இறுகக் கட்டியிருந்தது. பிரித்தேன். ரேஷன் அரிசி. கல்லும் குருணையும் நீக்கிச் சுத்தமாகப் புடைத்திருந்தது. ஒரு ஆளுக்கு வரும் அரிசியில் பாதிக்கு மேல் இருக்கும் என்று கையில் தூக்கிப் பார்த்ததும் தெரிந்தது.

கணவர் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏதாவது சொல்லி விட்டாங்களா?"

"பாப்பாவுக்குக் குழைய ஆக்கிக் கொடுக்கச் சொன்னாளாம்."

"திருப்பி அனுப்பிரலாமா?"

"யார்ட்ட அனுப்புவ? அனுப்புனாலும் அடுத்த பஸ்ல மறுபடி வரும். அவளப் பத்தித் தெரியாதா உனக்கு."

எனக்குத் தெரியும். திருப்பி அனுப்பினால் அவருக்கு அது பெயரை அடித்ததைவிடப் பெரிதாகப் படும். வைத்துக்கொண்டால் அவர் பட்டினி. டீக்கடைக்குப் போன் செய்து பேசலாம் என்றால், கூப்பிட்டு என்ன சொல்வது? நன்றாகத்தான் இருக்கிறோம், அரிசி வேண்டாம் என்பதா? மகள் பையின் வாயில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தாள். கீழே சிதறியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

"ஆக்கு" என்றார் கணவர். "பசிக்கு."

கழுவினேன். நிறையத் தடவை கழுவினேன். மகளுக்காகக் குழைய விட்டேன். பருப்பு இல்லை, உப்பும் கொஞ்சம் நல்லெண்ணெயும் போட்டுப் பிசைந்து தட்டில் வைத்தேன். அன்று அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே எல்லாவற்றையும் தின்றுவிட்டு, இன்னும் என்று தட்டை நீட்டினாள்.

போட்டேன்.